மின்சார டிராக்டர் பேட்டரியின் ஆயுள் சார்ஜரின் கையில்: சித்தூர், திருப்பதி விவசாயிகள் கவனிக்க வேண்டியவை என்ன?

திருப்பதி: மின்சார டிராக்டரில் விலை மிகுந்த பாகம் பேட்டரி. அது எத்தனை ஆண்டுகள் உழைக்கும், பாதுகாப்பாக இயங்குமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது சார்ஜர். கோடையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் சார்ஜரை முறையாகக் கட்டுப்படுத்துவது கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

பேட்டரித் தொழில் இப்பகுதிக்குப் புதியதல்ல. 1985-இல் தொடங்கப்பட்ட அமர ராஜா நிறுவனத்தின் ஆலைகள் திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலும் சித்தூர் மாவட்டத்திலும் உள்ளன. சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் திருப்பதியில் அமைத்த லித்தியம் அயன் செல் ஆலையின் முன்னோட்ட உற்பத்தி 2022 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. மாந்தோப்புகள் நிறைந்த இப்பகுதியில் மர வரிசைகளுக்கு இடையே உழவும் மருந்து தெளிக்கவும் சிறிய டிராக்டர்களே வசதியானவை. மின்சார டிராக்டர்களும் இத்தகைய பணிக்கு ஏற்றவை.

மூன்று கட்டங்களில் சார்ஜ்

ஈய-அமில பேட்டரிக்கான நல்ல சார்ஜர் மூன்று கட்டங்களில் செயல்படும். முதலில் சீரான மின்னோட்டத்தைச் செலுத்தும். குறிப்பிட்ட மின்னழுத்தத்தை எட்டியதும் அதை மாறாமல் நிறுத்தி, மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கும். பேட்டரி நிரம்பிய பின் மின்னழுத்தத்தைத் தாழ்த்தி, நிரம்பிய நிலையை மட்டும் பராமரிக்கும்.

டைமரை மட்டும் நம்பும் எளிய சார்ஜர்களுக்கு பேட்டரியின் நிலை தெரியாது. பாதி நிரம்பிய பேட்டரியையும் முழுதும் தீர்ந்த பேட்டரியையும் அவை ஒரே அளவு நேரம் சார்ஜ் செய்யும். அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும் ஈய-அமில பேட்டரியில் நீர் குறைந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றில் இந்த வாயு 4 சதவீதத்தை எட்டினால் தீப்பற்றும் அபாயம் உண்டு. குறைவாக சார்ஜ் செய்தாலோ தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரியின் திறன் குறையும்.

வெப்பத்துக்கேற்ற கட்டுப்பாடு

வெப்பம் கூடும்போது சார்ஜ் மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பொதுவாக ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 4 மில்லிவோல்ட் குறைக்கப்படுகிறது. 48 வோல்ட் ஈய-அமில பேட்டரித் தொகுப்பில் 24 செல்கள் உள்ளன. 25 டிகிரியில் 57.6 வோல்ட் தேவைப்படும் அத்தொகுப்புக்கு 45 டிகிரியில் சுமார் 55.7 வோல்ட் போதும். வெப்ப உணரி இல்லாத சார்ஜர் இந்த வேறுபாட்டை அறியாமல் கோடை முழுவதும் பேட்டரியை மிகையாக சார்ஜ் செய்துகொண்டே இருக்கும்.

லித்தியத்துக்குத் தனி சார்ஜர்

லித்தியம் பேட்டரியில் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் பேட்டரி மேலாண்மை அமைப்பு கண்காணிக்கிறது. அந்த அமைப்பு இடும் கட்டளைப்படியே சார்ஜர் மின்னோட்டத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். 16 செல்கள் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் தொகுப்பின் உச்ச வரம்பு 58.4 வோல்ட். ஈய-அமில சார்ஜர்கள் சில, செல்களைச் சமன்செய்ய 60 வோல்ட்டுக்கு மேல் செலுத்துபவை. எனவே, இணைப்பு பொருந்துகிறது என்பதற்காக ஒன்றுக்கான சார்ஜரை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவது ஆபத்தானது.

2022 ஏப்ரலில் விஜயவாடாவில், வீட்டுக்குள் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் பேட்டரி வெடித்து ஒருவர் உயிரிழந்தார். அந்த ஆண்டில் நாடு முழுவதும் நிகழ்ந்த தீ விபத்துகளைத் தொடர்ந்து, இருசக்கர, மூன்று சக்கர மின் வாகனங்களுக்கான ஏஐஎஸ்-156 விதிமுறைகளை மத்திய அரசு கடுமையாக்கியது. மிகை சார்ஜைத் தடுக்கும் மின்னழுத்த வரம்பு, ஒவ்வொரு முறையும் மின்னோட்டத்தை மெல்ல உயர்த்தும் வசதி ஆகியவை சார்ஜர்களுக்குக் கட்டாயமாயின. டிராக்டர் வாங்குவோரும் இதே வசதிகள் உள்ளனவா என்று கேட்டறிவது நல்லது. அடிக்கடி மின்தடை ஏற்படும் கிராமங்களில், மின்சாரம் திரும்பும் கணத்தில் மெல்லத் தொடங்கும் வசதி பேட்டரிக்குப் பாதுகாப்பாகும்.

வீட்டு மின் இணைப்பு போதுமா?

2020 டிசம்பரில் சோனாலிகா நிறுவனம் அறிமுகப்படுத்திய டைகர் மின்சார டிராக்டரில் 25.5 கிலோவாட்-மணி பேட்டரி உள்ளது. வீட்டு மின் இணைப்பில் இது நிரம்ப 10 மணி நேரமும், விரைவு சார்ஜரில் 4 மணி நேரமும் ஆகும் என நிறுவனம் அறிவித்தது. துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பிரைமா இடி11 டிராக்டரை 7 முதல் 8 மணி நேரம் சார்ஜ் செய்தால் 4 மணி நேரத்துக்கு மேல் வயலில் இயக்கலாம்.

230 வோல்ட், 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் அதிகபட்சமாக சுமார் 3.7 கிலோவாட் மின்சாரமே தரும். இவ்வளவு சுமையை இரவு முழுவதும் தாங்கும் தடிமனான வயரும், முறையான எர்த் இணைப்பும், மின்கசிவைத் தடுக்கும் சுவிட்சும் அவசியம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூலம் சார்ஜ் செய்வதைத் தவிர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* வெயிலில் உழுது வந்தவுடன் சார்ஜ் செய்யாமல், பேட்டரி ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.
* நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில் சார்ஜ் செய்ய வேண்டும். படுக்கையறை, வைக்கோல், டீசல் கேன் அருகே கூடாது.
* ஈய-அமில பேட்டரி நிரம்பிய பின்னரே டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்கு முன்னதாகவே ஊற்றலாம்.
* உழவு இல்லாத மாதங்களில் ஈய-அமில பேட்டரியை முழுமையாக நிரப்பியும், லித்தியம் பேட்டரியைப் பாதியளவு நிரப்பியும் வைக்க வேண்டும்.
* சார்ஜர் பழுதானால், மின்னழுத்தம், மின்னோட்டம், பேட்டரி வகை மூன்றும் பொருந்தும் சார்ஜரை மட்டுமே மாற்றாக வாங்க வேண்டும்.