பலகை மாட்டியாயிற்று, அடுத்து என்ன? பொது இடப் புகைத் தடையும் நம் குடியிருப்புகளும்

தில்லியில் பல காலனிகளின் வாசலிலும் லிஃப்ட் பக்கத்திலும் ஒரு பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இது புகைக்கக் கூடாத இடம், இங்கே புகைப்பது குற்றம் என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். அதற்கு நேர் கீழே நாலைந்து பீடித் துண்டும் கிடக்கும். சட்டம் இருக்கிறது, அபராதமும் இருக்கிறது. ஆனால் நம்ம மாடிப்படியில் நின்று புகைக்கிறவரிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்ன பிறகு என்ன ஆகும் என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. கிழக்கு தில்லியில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் நலச் சங்கத்தில் ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தையும் சட்டம் சொல்வதையும் சேர்த்து இக்கட்டுரையில் தருகிறேன். தில்லிக்கு வெளியே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

சட்டம் வந்த வழி

தில்லி அரசு 1996-லேயே பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது. 1999-ல் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது பொதுத் தொல்லை என்றும், புகைக்காதவரின் வாழ்வுரிமையை அது பறிக்கிறது என்றும் தீர்ப்பளித்தது. 2001 நவம்பரில் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பேருந்து, ரயில் முதலிய இடங்களில் புகைக்க நாடு முழுவதும் தடை விதித்தது. 2003-ல் நாடாளுமன்றம் புகையிலைப் பொருள்கள் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2004 மே 1 முதல் அமலுக்கு வந்தது. ஆனாலும் ஊருக்கெல்லாம் தெரிந்த தடை என்றால் அது 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று நடைமுறைக்கு வந்த விதிகள்தான். அப்போது மத்திய சுகாதார அமைச்சராக இருந்தவர் நம் தமிழகத்தைச் சேர்ந்த அன்புமணி ராமதாஸ்.

எது பொது இடம்?

தகராறு எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. "இது என்ன ஆபீஸா, ஆஸ்பத்திரியா? நான் இருக்கிற பில்டிங் ஸார்!" என்பார்கள்.

உரிமையோடு வந்தாலும் சரி, இல்லாமல் வந்தாலும் சரி, பொதுமக்கள் வந்து போகும் இடம் பொது இடம் என்பது சட்டத்தின் விளக்கம். உணவகம், திரையரங்கம், அலுவலகம், கல்விக்கூடம், நூலகம், பேருந்து, ரயில் எல்லாம் இதில் அடங்கும். 2008 விதிகள் பணியிடங்களையும் பேரங்காடிகளையும் சேர்த்தன. திறந்தவெளிக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் திறந்தவெளி அரங்கம், விளையாட்டு மைதானம், ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் ஆகியவை அந்த விலக்கில் வரமாட்டா என்று விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆகவே நடுத்தெருவில் நடந்துகொண்டே புகைப்பவரை இந்தச் சட்டம் பிடிக்காது. அவரே பேருந்து நிறுத்தத்துக் கூரையின் கீழ் வந்து நின்றால் பிடிக்கும்.

நம் குடியிருப்பில் எது எதில் சேரும்? சங்கத்தின் அலுவலக அறையில் கணக்கர் உட்கார்ந்து வேலை செய்கிறார், அது பணியிடம். வாசலில் உள்ள காவலாளியின் அறையும் ஒருவர் வேலை செய்யும் இடம்தான். கல்யாணம், பூஜை, கூட்டம் நடக்கும் சமூகக்கூடத்துக்கு வெளியார் வந்து போகிறார்கள், ஆகவே அதுவும் பொது இடம். வீட்டின் உட்புறம் நிச்சயமாகப் பொது இடம் இல்லை. அங்கே புகைக்காதே என்று இந்தச் சட்டத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது. குடியிருப்பின் மாடிப்படியையும் லிஃப்ட் முகப்பையும் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதனால் அங்கே வாதாட இடம் இருக்கிறது. இந்த வாதத்துக்கே போகாமல் இருக்க எளிய வழி, பொதுக்குழுவைக் கூட்டித் தீர்மானம் போடுவது. படிக்கட்டு, லிஃப்ட், மூடிய வாகன நிறுத்தம் ஆகியவை நம் எல்லாருக்கும் பொதுச் சொத்து, அங்கே யாரும் புகைக்கக் கூடாது என்று நாமே எழுதி வைத்துக்கொண்டால் சட்டத்தில் உள்ள இடைவெளி அடைபட்டுவிடும்.

பொறுப்பு யாருக்கு, அதிகாரம் யாருக்கு?

இரண்டும் வேறு வேறு என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. பொறுப்பு, இடத்தை நிர்வகிப்பவருக்கு. அவர் ஒவ்வொரு நுழைவாயிலிலும் குறைந்தது 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில், வெள்ளைப் பின்னணியில் பலகை வைக்க வேண்டும். மாடிக் கட்டடம் என்றால் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதையும் அங்கே வைக்கக் கூடாது. புகார் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற பெயரும் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும். புகார் வந்தும் அவர் சும்மா இருந்தால், எத்தனை பேர் அங்கே விதியை மீறினார்களோ அத்தனை பேருக்கான அபராதத்தையும் அவரே கட்ட வேண்டியிருக்கும். நான் பார்த்த பலகைகளில் முக்கால்வாசியில் அந்தப் பெயர் இருக்கவேண்டிய இடம் காலியாகவே இருக்கிறது.

அபராதம் வசூலிக்கும் அதிகாரமோ அரசு குறிப்பிட்ட அதிகாரிகளுக்கு மட்டும். உதவி ஆய்வாளரும் அதற்கு மேற்பட்ட காவல்துறையினரும், கெஜட்டட் அதிகாரிகள், மருத்துவமனை நிர்வாகி, நிலைய அதிகாரி, பள்ளித் தலைமையாசிரியர், நூலகர் போன்றோரும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். உச்ச அபராதம் 200 ரூபாய். கர்நாடகம் 2025-ல் அமலுக்கு வந்த தன் திருத்தச் சட்டத்தால் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. நலச் சங்கத்தின் செயலாளர் இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு பைசாகூட அபராதம் வாங்க முடியாது. சில காலனிகளில் சங்கமே ரசீது அடித்து அபராதம் வசூலிக்கிறார்கள். அது வம்பை விலைக்கு வாங்குவது.

சரி, அதிகாரம் இல்லாத சங்கம் என்னதான் செய்ய முடியும்? நிறையச் செய்யலாம். எங்கள் அனுபவத்தில் மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

மூன்றாவது மாடி

எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம் வாடகைக்கு இருந்தது. ஏழு வயதுப் பெண் குழந்தைக்கு வீஸிங். எதிர்வீட்டுப் பெரியவர் காலையும் மாலையும் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று சிகரெட் பிடிப்பார். குழந்தையின் அம்மா மாதக்கணக்கில் கதவடியில் ஈரத் துண்டைத் திணித்துச் சமாளித்திருக்கிறார். "நாங்க வாடகைக்கு இருக்கிறவங்க ஸார், அவர் சொந்த வீட்டுக்காரர். வெளியூர்லேருந்து வந்து எதுக்குச் சண்டைன்னு இருந்துட்டோம்" என்றார். இந்த மனநிலை தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கெல்லாம் பழக்கமானதுதான்.

பிறர் விடும் புகையால் உலகில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. குழந்தைகளுக்கு ஆஸ்துமா அதிகமாகிறது, சளி நெஞ்சில் இறங்குகிறது, காதில் சீழ் கட்டுகிறது. "தில்லிக் காத்தே விஷம், இதுல ஒரு சிகரெட்டா பெரிசு?" என்று கேட்பவர்கள் உண்டு. வெளிக்காற்று கெட்டிருக்கிறது என்பதற்காக மூடிய படிக்கட்டில் புகை குறைந்துவிடாது. இரண்டும் சேர்ந்தே அந்தக் குழந்தையின் நெஞ்சுக்குள் போகின்றன.

நாங்கள் அந்தப் பெரியவரைத் தனியாகக் குறிவைக்கவில்லை. பொதுக்குழுவில் எல்லாப் படிக்கட்டுகளுக்கும் சேர்த்துத் தீர்மானம் போட்டோம். புகார் சொன்னவர் பெயர் வெளியே வராது என்றும் எழுதினோம். பிறகு நானும் தலைவரும் அவர் வீட்டுக்குப் போய் டீ குடித்துக்கொண்டே பேசினோம். அவர் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது: "பாய் ஸாப், வீட்டுக்குள்ளே என் பேரன் இருக்கான். அவனுக்காகத்தான் வெளியே வர்றேன்." அவர் தன் பேரனுக்குச் செய்த நல்லது எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கெடுதலாக முடிந்திருக்கிறது. பின்மதில் ஓரம், ஜன்னல்களை விட்டுத் தள்ளி, திறந்தவெளியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு போட்டோம். அவர் அங்கே போக ஆரம்பித்தார். குளிர்காலத்தில் கீழே இறங்கிப் போகச் சோம்பல்பட்டு எண்ணிக்கையும் குறைந்தது என்று அவர் மனைவி சொன்னார்.

காவலாளியின் வேலை

இரண்டாவது விஷயம் கொஞ்சம் கசப்பானது. ஒரு வீட்டுக்கு வந்த விருந்தாளி லிஃப்ட் முன்னால் சிகரெட் பற்ற வைத்தார். காவலாளி கையைக் கூப்பி, "ஸாப், யஹாங் மத் பீஜியே" என்றிருக்கிறார். விருந்தாளி கத்தினார். வீட்டுக்காரர் மறுநாளே அந்தக் காவலாளியை மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். ஆளை அனுப்பும் நிறுவனமும் மாற்றத் தயாராகிவிட்டது.

தடையை அமலாக்கும் வேலையைக் குடியிருப்பில் மிகவும் எளிய மனிதரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வேடிக்கை பார்க்கிறோம். பன்னிரண்டு மணி நேரம் நின்று சொற்பச் சம்பளம் வாங்குகிறவர், கார் வைத்திருக்கிறவரிடம் எப்படிச் சட்டம் பேசுவார்? செயற்குழு கூடியது. வாக்குவாதம் நடந்தது. கடைசியில் காவலாளி அப்படியே இருப்பார் என்று முடிவாயிற்று. வீட்டுக்காரருக்குத் தீர்மானத்தின் நகலோடு பதில் போனது. அவர் இரண்டு மாதம் பராமரிப்புப் பணம் கட்டாமல் முறைத்துக்கொண்டிருந்தார், பிறகு சரியாகிவிட்டது.

அதற்குப் பின் ஒரு ஒழுங்கு வைத்தோம். காவலாளி ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மீறினால் பதிவேட்டில் நேரத்தையும் வீட்டு எண்ணையும் எழுத வேண்டும். மற்றதைச் செயற்குழு பார்த்துக்கொள்ளும். அந்தக் காவலாளி பக்கம் சங்கம் நின்றது தெரிந்த பிறகுதான் மற்றக் காவலாளிகளும் வாயைத் திறந்தார்கள்.

டீக்கடையும் பான் கடையும்

மூன்றாவது, வாசலுக்கு வெளியே இருக்கும் கடை. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவர்களுக்கு எங்கேயும் விற்கக் கூடாது. நம் குழந்தைகள் படிக்கும் பள்ளி வாசலில் இதை அளந்து பார்க்க ஒரு டேப் போதும். மீறல் இருந்தால் பள்ளி முதல்வர் மூலமாக எழுதிக் கொடுப்பது பலன் தரும்.

ஆனால் கடைக்காரரின் வயிற்றில் அடிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. எங்கள் வாசல் டீக்கடைக்காரர் பீகாரிலிருந்து வந்தவர், அவரும் நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்தானே! கடை பேருந்து நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. கூண்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த லைட்டரை எடுத்துவிடச் சொன்னோம், எடுத்தார். சில்லறையாக ஒன்றிரண்டு சிகரெட் வாங்கி அங்கேயே பற்ற வைப்பவர்கள் பாதிப் பேர் அதோடு நகர்ந்துவிட்டார்கள். சங்கக் கூட்டங்களுக்கு டீ அவரிடமே வாங்குகிறோம்.

நம் சங்கங்கள் செய்ய வேண்டியது

தமிழ்ச் சங்கங்களும் சபாக்களும் விழா நடத்தும் அரங்கமும் பொது இடமே. மேடைப் பக்கம் யாரும் புகைப்பதில்லை. சமையலறைப் பின்புறமும் வண்டி நிறுத்துமிடமும்தான் பிரச்சினை. விழாக் குழுவில் ஒருவர் பெயரைப் பலகையில் எழுதி வைத்தால், யாரிடம் சொல்வது என்று வருகிறவர்கள் தேடவேண்டியதில்லை.

தடையால் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு என்பேன். தேசிய அளவில் பெரியவர்களிடம் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி 2009–10-ல் 14 சதவீதமாக இருந்த புகைப்பவர் எண்ணிக்கை 2016–17-ல் 10.7 சதவீதமாகக் குறைந்தது. வீட்டுக்குள் பிறர் புகையைச் சுவாசிக்க நேர்ந்தவர்கள் 52.3 சதவீதத்திலிருந்து 38.7 சதவீதமானார்கள். ஆனால் மூடிய பணியிடங்களில் அது 30 சதவீதத்தை ஒட்டியே நின்றது. முதலாளியிடமும் மேலதிகாரியிடமும் யார் போய்ச் சொல்வது என்ற அதே தயக்கம்தான் அங்கேயும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

விட நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண் 2018 முதல் சிகரெட், பீடிப் பாக்கெட்டுகளிலேயே அச்சிடப்பட்டு வருகிறது. பலகையின் கீழே அந்த எண்ணையும் எழுதினால், பலகை மிரட்டுவதோடு நில்லாமல் உதவியும் செய்யும்.

உங்கள் குடியிருப்பின் அடுத்த பொதுக்குழுவில் மூன்றே மூன்று காரியம் செய்யுங்கள். பொதுவான இடங்களின் பட்டியலோடு ஒரு தீர்மானம் போடுங்கள். பலகையில் காலியாக இருக்கும் இடத்தில் செயற்குழுவினர் ஒருவர் பெயரை எழுதுங்கள். காவலாளி சொன்னால் அது சங்கம் சொன்ன மாதிரி என்று நடவடிக்கைக் குறிப்பில் பதியுங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு பலகையும் பெயிண்டும்தான்.