சென்சாரை மாத்தறதுக்கு முன்னாடி ஒயரைப் பாருங்க

பயிரைப் பத்தி எழுதற பத்திரிகையில் வண்டியைப் பத்தி என்ன பேச்சுன்னு கேட்கலாம். நம்ம அரிசியும் காய்கறியும் இடைத்தரகர் இல்லாமல் வாங்குபவர் வீட்டுக்குப் போகணும்னா வண்டி வேணும். நம்மில் பலரிடம் இருப்பது பத்து, பதினைந்து வருஷப் பழைய வண்டிதான். அதில் வந்த ஒரு சின்னக் கோளாறு என் லாபத்தை எப்படித் தின்றது, அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்றேன்.

என்னிடம் இருப்பது 2011ல் வாங்கின பெட்ரோல் வேன். வாரம் ஒருமுறை வந்தவாசியிலிருந்து காஞ்சிபுரம் போய், வீடு வீடாக இறக்கிவிட்டுத் திரும்ப ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஆகும். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி திடீரென்று 9க்கு இறங்கிடுச்சு. சைலன்சர் வாயெல்லாம் கரி, பெட்ரோல் வாடை. சூடா இருக்கும்போது அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். ஒருநாள் காஞ்சிபுரம் நெரிசலில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறிடுச்சு, ரேடியேட்டர் ஃபேன் ஓடவே இல்லை. மீட்டரில் இன்ஜின் விளக்கும் எரிய ஆரம்பித்தது.

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினார். பி0172 என்று காட்டியது. கலவையில் காற்றுக்குத் தேவையானதைவிடப் பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திட்டா சரியாயிடும்" என்றார். 4,500 ரூபாய் ஆச்சு. விளக்கு அணைந்தது, பத்தே நாளில் திரும்ப எரிந்தது. அடுத்த தடவை போனப்ப, "ஈசியுதான் சார் போயிருக்கும். 18,000 ஆகும். அதுக்கு வண்டியையே வித்துடலாம்" என்றார். நானும் விற்கத்தான் இருந்தேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். சாயங்காலம் கணக்கு இடித்தால் கேஷியரை மாத்த மாட்டோம், வவுச்சரை ஒவ்வொன்றாக எடுத்து டிக் போடுவோம். வண்டிக்கும் அதையே செய்து பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

முதலில் இந்தச் சென்சார்கள் என்ன செய்யுதுன்னு புரிஞ்சுக்கணும். கார்புரேட்டர் இருந்த காலத்தில் பெட்ரோல் அளவை ஜெட்டும் திருகும் தீர்மானித்தன. புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு அந்த வேலை ஈசியு என்கிற சின்னக் கம்ப்யூட்டருக்குப் போனது. ஆக்சிஜன் சென்சாரை பாஷ் கம்பெனி செய்து, 1976ல் வோல்வோ காரில் முதலில் வந்தது. நம்ம நாட்டில் 2000க்குப் பிறகு பாரத் ஸ்டேஜ் விதிகள் படிப்படியாக இறுகின. 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 4 வந்தது, 2017 ஏப்ரலில் நாடு முழுக்க வந்தது. அதனால் பழைய பெட்ரோல் வண்டி என்றாலும் உள்ளே நாலைந்து சென்சாராவது இருக்கும்.

ஆக்சிஜன் சென்சார் சைலன்சர் குழாயில் உட்கார்ந்து, எரிந்த புகையைப் பார்த்துச் சேதி சொல்லும். பெட்ரோல் அதிகம் என்று அது சொன்னது உண்மை. ஏன் அதிகம் என்பதுதான் கேள்வி. கோடு எண் ஒரு புகாரைத்தான் சொல்லும், குற்றவாளி யாரென்று சொல்லாது.

இன்ஜின் குளிர்ச்சியா இருந்தால் ஈசியு பெட்ரோலை அதிகம் கொடுக்கும். குளிர்ச்சியா சூடா என்று அதுக்குச் சொல்வது கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார். என் வண்டியில் இன்ஜின் பக்கத்தில் இரண்டு இருக்கு. ஒற்றை ஒயர் உள்ளது மீட்டர் முள்ளுக்கு, இரண்டு ஒயர் உள்ளது ஈசியுவுக்கு. முள் சரியாக ஏறியதால் யாருக்கும் மற்றதன் மேல் சந்தேகம் வரவில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் பையனிடம் சின்ன ஸ்கேனர் இருந்தது. போனில் பார்க்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தோம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காற்றின் சூடும் கூலண்ட் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கணும். காற்று 27 டிகிரி, கூலண்ட் 20 என்று காட்டியது. ஓட்டி வந்து பார்த்தால், ரேடியேட்டர் குழாயில் கை வைக்க முடியாத சூடு, ஸ்கேனரில் வெறும் 49! ஈசியு பெட்ரோலை அள்ளிக் கொடுத்ததுக்கும், ஃபேனை ஓட்டாததுக்கும் காரணம் ஒன்றே: இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று அது நம்பிக்கொண்டிருந்தது.

சென்சார்தான் கெட்டுவிட்டதென்று வாங்க ஓடாமல், இன்ஜின் நன்றாக ஆறின பிறகு கழற்றினேன். சூட்டில் கழற்றினால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும், ஜாக்கிரதை. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு முனையிலும் பிடித்தால் 1,900 ஓம். அடுப்பில் தண்ணீர் வைத்து, தெர்மாமீட்டரோடு சென்சார் நுனியையும் அதில் விட்டேன். சூடு ஏற ஏற ஓம் இறங்கணும். 80 டிகிரியில் 320 ஓம். நடுவில் குதிக்காமல் சீராக இறங்கியது. வண்டிக்கு வண்டி எண் மாறும், ஆனால் சீராக இறங்குவதுதான் நல்ல சென்சாரின் அடையாளம். ஆக, சென்சார் நல்லது!

மிச்சம் இருப்பது ஒயர். கனெக்டரைக் கழற்றிச் சாவி போட்டால் இரண்டு முனைக்கும் நடுவே 5 வோல்ட் வரணும். வந்தது. இதில்தான் பலர் ஏமாறுவார்கள். கரண்ட் ஓடாதபோது துருப்பிடித்த ஒயரும் முழு வோல்ட்டைக் காட்டும். அடுத்த சோதனையில்தான் பிடிபட்டது. கனெக்டர் கழன்றிருக்கும்போது ஸ்கேனர் மைனஸ் 40 காட்டியது, அது சரி. இரண்டு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால் 130 டிகிரிக்கு மேல் காட்டணும். 60லேயே நின்றது. அப்படியானால் ஒயருக்குள் 600 ஓம் ஒளிந்திருக்கு. (இந்தக் கம்பிச் சோதனை இரண்டு ஒயர் உள்ள டெம்பரேச்சர் சென்சாருக்கு மட்டும். மூன்று ஒயர் உள்ளதில் செய்யாதீர்கள்.)

குளிரில் 1,900 ஓமோடு 600 சேர்ந்தால் 7 டிகிரிதான் வித்தியாசம். சூட்டில் 250 ஓமோடு அதே 600 சேர்ந்தால் 40 டிகிரி வித்தியாசம். அதனால்தான் வண்டி காலையில் ஒழுங்காக ஓடி, சூடானதும் மக்கர் செய்தது.

ஒயரைத் தடவிக்கொண்டே போனால், உறை கடிபட்ட இடம். எலி! வைக்கோல் போருக்குப் பக்கத்துக் கொட்டகையில்தான் வண்டி நிற்கும். வண்டி கழுவின தண்ணீர் அதில் இறங்கி, செம்பு பச்சையாகப் பூத்து, இரண்டு மூன்று இழைதான் மிச்சம். கெட்ட பகுதியை வெட்டி, புது ஒயர் வைத்து சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டோம். வெறும் டேப் சுற்றினால் ஒரு மழைக்குத் தாங்காது. செலவு 150 ரூபாய். அதே கம்பிச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்த பிறகுதான் பானெட்டை மூடினேன். மைலேஜ் 14க்குத் திரும்பியது, ஃபேனும் ஓடுது.

இழந்த கணக்கையும் பார்த்தேன். ஒரு நடைக்கு மூன்றரை லிட்டர் கூடுதல், சுமார் 350 ரூபாய். நாலு மாசத்தில் ஆறாயிரம். தேவையில்லாமல் மாத்தின சென்சார் 4,500. பத்தாயிரத்துக்கு மேல் போச்சு. அந்த மெக்கானிக் மேல் எனக்குக் கோபமில்லை, கோடு எண்ணைப் பார்த்து பாகத்தை மாத்தறதுதான் இப்போ எல்லா இடத்திலும் வழக்கமா இருக்கு. சோதிச்சுப் பாருங்கன்னு கேட்காதது என் தப்பு.

உங்கள் வண்டிக்கும் இப்படி வந்தால் இந்த வரிசையில் போங்கள்: முதலில் கண்ணால் பார்ப்பது, கூலண்ட் அளவு, கனெக்டர், ஒயர். அடுத்து காலை நேரத்து டிகிரி ஒப்பீடு. பிறகு கம்பிச் சோதனை. கடைசியாக வெந்நீர்ச் சோதனை. இவ்வளவும் முடிந்து சென்சார் கெட்டதென்று தெரிந்தால் மட்டும் புதுசு வாங்குங்கள். மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் மோட்டார் பம்புக்கும் உதவும்.

வண்டியை நான் விற்கவில்லை. கொட்டகையை மட்டும் வைக்கோல் போரிலிருந்து தள்ளிப் போட்டுவிட்டேன்.