முதல் ஹாக்கி மட்டை வாங்கப் போறீங்களா? பணத்தைக் கொட்டும் முன் இதைப் படிங்க!

கோவில்பட்டி:

மற்ற ஊர்களில் சாயங்காலம் ஆனால் பையன்கள் கையில் கிரிக்கெட் பேட்டோடு கிளம்புவார்கள். கோவில்பட்டி பக்கம் ஹாக்கி மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போகிற பையன்களையும், பெண் பிள்ளைகளையும் பார்க்கலாம். இந்த ஊருக்கே 'ஹாக்கிப்பட்டி' என்று செல்லப் பெயர் உண்டு.

முழுப் பரீட்சை லீவு விட்டதும் "அப்பா, எனக்கு ஒரு ஸ்டிக் வாங்கிக் கொடுங்க" என்று பிள்ளை வந்து நிற்கும். அங்கேதான் ஆரம்பிக்கிறது சிக்கல். கடைக்குப் போனால் சில நூறு ரூபாய்க்கும் மட்டை இருக்கிறது. பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியும் மட்டை இருக்கிறது. தீப்பெட்டி ஆபீசிலும், கடலை மிட்டாய் கம்பெனியிலும் வேலை பார்க்கிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. கடன் வாங்கி விலை கூடின மட்டையைக் கொடுத்தால், ஆறு மாதத்தில் பிள்ளை மூன்று இஞ்ச் வளர்ந்து நிற்பான். மட்டை மூலையில் கிடக்கும். வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் எதை வாங்குவது, எதை முதலில் வாங்குவது? விவரம் இதோ...

பெயர் வாங்கித் தந்த ஊர்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி சிறப்பு விளையாட்டு விடுதி கோவில்பட்டியில்தான் இருக்கிறது. கிருஷ்ணா நகரில் செயற்கை புல்வெளி மைதானமும் உண்டு. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி இங்கேதான் நடக்கிறது. 2021 டிசம்பரில் தேசிய ஜூனியர் ஆண்கள் ஹாக்கிப் போட்டியும் இதே ஊரில் நடந்தது.

2022-ல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். அவரோடு ஆடிய அரியலூர் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி விடுதியில் பயிற்சி எடுத்தவர்தான். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியா போட்ட ஒரே கோல் கார்த்தி அடித்தது. அந்தத் தொடரில் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது.

இதையெல்லாம் கேட்டுத்தான் பிள்ளைகளுக்கு ஆசை வருகிறது. ஆசை நல்லதுதான். ஆனால் மட்டையின் விலை யாரையும் இந்திய அணிக்குக் கொண்டு போனதில்லை.

முதலில் கால், பல்... அப்புறம்தான் மட்டை!

பெற்றோர் பலர் இருக்கிற காசை எல்லாம் மட்டைக்கே போட்டுவிடுகிறார்கள். பாதுகாப்புச் சாமான்களை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். இது தலைகீழ் கணக்கு.

ஹாக்கி பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்தின் எடை. கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் பேடு கட்டிக்கொண்டுதான் நிற்கிறார். ஹாக்கியில் பத்துப் பேர் ஓடிக்கொண்டே இருக்கும்போது அந்தப் பந்து கணுக்கால் உயரத்தில் பறந்து வரும். பக்கத்தில் ஆடுபவரின் மட்டையும் வீசும்.

எனவே வாங்க வேண்டிய வரிசை இதுதான்:

1. ஷின் கார்டு: முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை மறைக்கும் கவசம். கணுக்கால் வரை வருகிறதா என்று போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். சாக்ஸ் அதன் மேல் வர வேண்டும்.

2. பல் கவசம்: 'மவுத் கார்டு' என்று கேட்டால் கொடுப்பார்கள். இளஞ்சூடு போதாது, நல்ல வெந்நீரில் போட்டு எடுத்து, கவரில் எழுதியிருக்கிறபடி லேசாக ஆறவிட்டு, கடித்தால் பல் வரிசைக்கு ஏற்ற மாதிரி படிந்துவிடும். உடைந்த முன்பல்லைக் கட்ட ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

3. ஷூ: மண் தரையில் ஆட ரப்பர் குமிழ் வைத்த, அடி தடித்த ஷூ. செயற்கை புல்வெளிக்கு சின்னச் சின்னக் குமிழ் நிறைய உள்ள ஷூ. வெறுங்காலில் ஆட வேண்டாம்.

4. மட்டை: கடைசியில், மீதி இருக்கிற காசுக்கு.

உலக ஹாக்கி விதிப் புத்தகமும் கால், கணுக்கால், வாய் ஆகியவற்றுக்குக் கவசம் அணியச் சொல்லிப் பரிந்துரைக்கிறது. பெண் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான்.

இடுப்பு எலும்பு கணக்கு

"வளர்ற பிள்ளை, பெருசாவே வாங்கிக்கலாம்" என்று சட்டை எடுப்பது மாதிரி மட்டை எடுக்கக் கூடாது. நீளம் அதிகமான மட்டை என்றால் பிள்ளை நிமிர்ந்து நின்று ஆடும். கை உடம்பை விட்டு விலகும். பந்தின் மேல் பார்வை இருக்காது. இந்தப் பழக்கம் ஊறிவிட்டால் பிறகு மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

அளவு பார்க்க எளிய வழி உண்டு. பிள்ளையை ஷூ போட்டு நிற்க வையுங்கள். மட்டையின் வளைவு தரையில் இருக்கும்படி காலோடு ஒட்டி நிறுத்துங்கள். மட்டையின் மேல் நுனி இடுப்பு எலும்பைத் தொட வேண்டும். அதற்கு மேலே ஏறினால் பெரியது.

தோராயமாகச் சொன்னால், 4 அடி உயரப் பிள்ளைக்கு 28 முதல் 30 இஞ்ச். நாலரை அடிக்கு 32 இஞ்ச். 5 அடிக்கு 35 இஞ்ச். ஐந்தே கால் அடியைத் தாண்டினால் 36.5 இஞ்ச். ஐந்தே முக்கால் அடிக்கு மேல் 37.5 இஞ்ச். கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால் கடையில் நிறுத்திப் பார்ப்பதே நல்லது.

எடையைப் பொறுத்தவரை விதிப்படி 737 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ஆனால் அது உச்ச வரம்பு. சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரே கையில் பிடித்து முன்னே நீட்டச் சொல்லுங்கள். கை நடுங்கினால் அந்த மட்டை வேண்டாம்.

இடது கைப் பழக்கமா?

"என் மகனுக்கு இடது கைப் பழக்கம். அதுக்கு தனி மட்டை உண்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஹாக்கியில் அப்படிக் கிடையாது. எல்லா மட்டைக்கும் இடது பக்கம் மட்டும்தான் தட்டை. வலது பக்கம் உருண்டையாக இருக்கும். அந்த உருண்டைப் பக்கம் பந்தைத் தொட்டால் தவறு. எல்லோருக்கும் இடது கை மேலே, வலது கை கீழே. பந்தை உருட்டும்போது மட்டையைத் திருப்புவது மேலே இருக்கிற இடது கைதான். அதனால் இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளை கவலைப்படத் தேவையே இல்லை.

மரமா? பைபரா?

கடையில் இரண்டு வகை மட்டை இருக்கும். ஒன்று மர மட்டை. இதன் வளைவு பெரும்பாலும் முசுக்கட்டை என்கிற மல்பெரி மரத்தில் செய்யப்படுகிறது. பஞ்சாபின் ஜலந்தர், உத்தரபிரதேசத்தின் மீரட் ஆகிய ஊர்கள் இதற்குப் பேர் போனவை. இன்னொன்று 'காம்போசிட்'. கண்ணாடி இழை, கார்பன் இழை எல்லாம் சேர்த்துச் செய்வது. கார்பன் கூடக் கூட மட்டை விறைப்பாகும், அடி வேகமாகும், விலையும் எகிறும்.

இந்த மாற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. 1928 முதல் ஆடிய ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிய இந்தியா, அந்த முறை 7-வது இடத்துக்குப் போனது. புல் தரையில் பழகிய கால்களுக்கு அந்த வேகம் புதிது. 1980-ல் தமிழகத்தின் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கியதோடு சரி. அடுத்த பதக்கத்துக்கு 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வரை 41 ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 2024 பாரிசிலும் வெண்கலம் கிடைத்தது.

செயற்கை புல்வெளியில் தண்ணீர் தெளித்துத்தான் ஆடுவார்கள். மரம் ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் காம்போசிட்டுக்கு மாறினார்கள்.

ஆனால் பள்ளிக்கூட மண் மைதானத்தில் பழக வரும் பிள்ளைக்கு அந்த அவசியம் இல்லை. வறண்ட கட்டாந்தரையில் எந்த மட்டையின் அடியும் தேயத்தான் செய்யும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதை மண்ணில் தேய்ப்பதை விட, சில நூறு ரூபாய் மர மட்டையைத் தேய்க்கலாம். "மர மட்டை மேட்சுல செல்லாது" என்று சிலர் கிளப்பிவிடுவது உண்மை இல்லை. உலோகம் கூடாது என்பதுதான் விதி. மரத்துக்குத் தடையே கிடையாது.

வாங்கும்போது வளைவில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, ஓரத்தில் சிலாம்பு நீட்டுகிறதா என்று தடவிப் பாருங்கள். தேயும் அடிப்பகுதியில் டேப் சுற்றினால் ஆயுள் கூடும். வெயிலில் தகரக் கொட்டகையில் போட்டு வைக்கக் கூடாது. சீனியர் பையன்கள் வளர்ந்து, சின்னதாகிப் போன மட்டை பாதி விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். பிடிப்புத் துணியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

கரிசல் காட்டில் கவனம்

இந்தப் பக்கத்து மண்ணுக்கென்று ஒரு குணம் உண்டு. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் களியாகி ஷூவை விடாது. வெடிப்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. ஷின் கார்டும் பல் கவசமும் வேறு எங்கேயும் விட இங்கே அவசியம் என்பது இதனால்தான்.

ஆடும் முன் நாலு பேர் வரிசையாக மைதானத்தில் நடந்து, கல்லையும் கருவேல முள்ளையும் பொறுக்கிவிட வேண்டும். வெடிப்பு விட்ட இடத்தில் சரள் மண் போட்டு, தண்ணீர் தெளித்து, கெட்டிப்படுத்த வேண்டும். மழை பெய்த மறுநாள் களி மண்ணில் ஆடினால் முழங்கால் திருகிக்கொள்ளும். ஒரு நாள் விட்டுப் போனால் குடி முழுகாது.

வெயிலும் சும்மா விடாது. காலை 6 முதல் 8 மணி வரை, மாலை 4.30-க்கு மேல் என்று வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் பாட்டில் கட்டாயம். உப்புப் போட்ட மோர் அதை விட நல்லது.

கோல் கீப்பர் ஆசையா?

தலைக்கவசம், மார்புக் கவசம், கால் பேடு, கிக்கர், கையுறை என்று கோல் கீப்பர் சாமான் செலவு ரொம்ப அதிகம். இதைத் தனியாக வாங்க வேண்டாம். பள்ளியிலோ, கிளப்பிலோ பொதுவாக ஒரு செட் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் பிள்ளையை கோல் போஸ்ட்டில் நிற்க விடவே கூடாது.

முதல் மாதம் என்ன செய்ய?

புதிதாக வருகிற எல்லோருக்கும் ஓங்கி அடிக்கத்தான் ஆசை. ஆனால் முதலில் கற்க வேண்டியது பந்தை நிறுத்துவது. முழங்காலை மடக்கி, குனிந்து, வருகிற பந்தை மட்டையில் 'சத்தமில்லாமல்' நிறுத்தப் பழக வேண்டும். அடுத்து தள்ளுவது. அதற்கு அடுத்து பந்தை இடம் வலமாக உருட்டிக்கொண்டு ஓடுவது. அடி கடைசி. வீட்டு வாசலில் டென்னிஸ் பந்தை வைத்துத் தினமும் கால் மணி நேரம் உருட்டினாலே கை பழகிவிடும்.

பள்ளி பி.டி. சாரிடம் பெயர் கொடுப்பதுதான் முதல் படி. காலையில் பழகுகிற கிளப்புகளிலும் கேட்கலாம். இரண்டு மூன்று மாதம் இரவல் மட்டையில் விடாமல் போகிறானா என்று பார்த்துவிட்டு சொந்த மட்டை வாங்கினாலும் தப்பில்லை.

நன்றாக ஆடுகிற பிள்ளை என்றால் அரசு விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பலாம். இதற்கான அறிவிப்பை விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வெளியிடும். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். தேர்வாகிவிட்டால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். அங்கே ஓட்டத்தையும், பந்தை நிறுத்துகிற கையையும்தான் பார்ப்பார்கள். மட்டையில் என்ன கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள்.

மொத்தத்தில், அளவான மர மட்டை, ஷின் கார்டு, பல் கவசம், நல்ல ஷூ. இந்த நாலும் இருந்தால் முதல் இரண்டு வருடத்துக்குக் கவலை இல்லை. விலை கூடின மட்டையை பிள்ளை ஆடி ஆடி, தானே கேட்கிற நிலைமை வரட்டும். அப்போது வாங்கினால் அது மூலையில் கிடக்காது.