தீவக மின் கொள்வனவும் அளவுகோற் பிரச்சினையும்

குறைந்த விலைக்கு வாங்குபவனே திறமையான கொள்வனவாளன் என்ற கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. சந்தையில் மீன் வாங்குவோனுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ஆனால், ஒரு தீவுக்குப் பல ஆண்டுகள் மின்சாரம் அளிக்கவேண்டிய பொறித்தொகுதியை வாங்கும் அரச நிறுவனத்துக்கும் இது பொருந்துமா? கொள்வனவின் பயனை எதனைக்கொண்டு அளப்பது? எதனோடு ஒப்பிடுவது? இவ்வினாக்களை நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான கலப்பு மின்திட்டத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய முனைகின்றோம்.

இம்மூன்று தீவுகளும் தேசிய மின்வலையமைப்போடு இணையாது, டீசல் மின்பிறப்பாக்கிகளை நெடுங்காலம் நம்பியிருந்தவை. அந்த டீசலோ கடல் கடந்து வரவேண்டியது. சோளகம் மூர்க்கமாக வீசும் மாதங்களிற் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே படகோட்டம் தடைப்படுவதைத் தீவக மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மின்கட்டணம் நாடு முழுவதற்கும் ஒரே வீதத்தில் விதிக்கப்படுவதனால், தீவில் ஓர் அலகு மின்சாரம் பிறப்பிக்க உண்மையில் எவ்வளவு செலவாகின்றது என்பது பாவனையாளரின் பற்றுச்சீட்டில் தெரிவதில்லை. அது மின்வழங்குநரின் கணக்கிற் கரைந்துவிடுகின்றது. ஆகவே, டீசலை விலக்கிக் காற்றையும் வெயிலையும் பயன்படுத்துவதால் வரும் இலாபமும் எந்தப் பேரேட்டிலும் தனியாகப் பதிவு பெறுவதில்லை.

ஆசிய அபிவிருத்தி வங்கி 2016 இல் அனுமதித்த மின்வழங்கல் மேம்பாட்டுக் கடன்திட்டத்தில் இத்தீவுகளும் இடம்பெற்றன. சர்வதேச ரீதியிற் கேள்விப்பத்திரங்கள் கோரப்பட்டு, 2021 ஜனவரியில் சினோசோர் - ஈடெக்வின் என்னும் சீனக் கூட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தை வழங்க அமைச்சரவை ஒப்புதலளித்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு அண்மையில் இவ்வேலை நடைபெறுவதை இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசம்பரில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனை காரணமாகத் திட்டம் இடைநிறுத்தப்பட்டதெனக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் அதே திட்டத்தை நிறைவேற்றுவதற்குப் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. 2024 மார்ச் 1 ஆம் திகதி இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபைக்கும் இந்திய அரசுக்கும் பெங்களூரைச் சேர்ந்த யூ சோலார் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் எழுதப்பட்டது. நன்கொடை ஏறத்தாழ 1.1 கோடி அமெரிக்க டொலர்.

இவ்வரலாற்றிற் புவிசார் அரசியலை மட்டும் காண்போர் பலர். நாம் வேறொன்றையும் காண்கின்றோம். கேள்விப்பத்திர மதிப்பீடு தன் அளவுகோலின்படி முடிந்தது. இராசதந்திரமும் தன் அளவுகோலின்படி வெற்றி கண்டது. ஆயின் அமைச்சரவை ஒப்புதலுக்கும் 2024 ஒப்பந்தத்துக்கும் இடையிற் கழிந்த மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் இத்திட்டத்திலிருந்து ஓர் அலகு மின்சாரமும் பிறக்கவில்லை. அக்காலத்திலேதான் நாடு டொலரின்றித் தத்தளித்தது. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூனில் 460 ரூபாவாயிற்று; அவ்விலைக்கும் கிடைக்காத நாட்கள் இருந்தன. காலதாமதத்தின் விலையை எழுத மதிப்பீட்டு அட்டவணையில் ஒரு நிரலும் இருந்திருக்குமாயின், இரு தரப்பாரும் அதிலே பெருந்தொகையை எழுதியிருக்க வேண்டும்.

வழங்குநரை எவ்வாறு தெரிவது என்பது பற்றிய ஆய்வு புதிதன்று. 1966 இல் அமெரிக்கரான கரி டிக்சன், கொள்வனவு அலுவலர்களை வினவி, அவர்கள் கருத்திற் கொள்ளும் இருபத்து மூன்று நியதிகளை வரிசைப்படுத்தினார். தரம், உரிய நேரத்தில் ஒப்படைத்தல், வழங்குநரின் முன்னைய செயற்பாடு ஆகியன விலைக்கு முன்னே நின்றன. 1983 இற் பீட்டர் கிறால்ஜிக், வாங்கும் பொருளின் முக்கியத்துவம் ஓர் அச்சாகவும் அது கிடைக்காமற்போகும் இடர் மற்றோர் அச்சாகவும் அமைய, கொள்வனவுகளை நான்காக வகுத்தார். இரண்டும் உயர்ந்திருக்கும் கொள்வனவே அவர் கருத்தில் மூலோபாயக் கொள்வனவு. அதனை விலைப்பேரத்தால் மட்டும் நடத்தவியலாது என்றார். தீவக மின்திட்டம் ஐயத்துக்கிடமின்றி இவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் கிறால்ஜிக்கின் நோக்குநிலை பெருநிறுவனத்தினுடையது. நம் வழக்கிலோ இடர் வந்த திசை வேறு. வாங்குபவரின் அயலவரே திட்டத்தை நிறுத்தவல்லவராயிருந்தனர். சிறிய நாடுகளின் கொள்வனவு இலக்கணத்தில் இதற்கெனத் தனியொரு இயல் எழுதப்படல் வேண்டும்.

ஒப்பீட்டு அளவீடு என்பதன் நவீன வரலாற்றைச் செரொக்ஸ் நிறுவனத்திலிருந்து தொடங்குவது வழக்கம். 1979 அளவில் அது தன் உற்பத்திச் செலவை யப்பானிய நகற்பொறிகளோடு ஒப்பிட்டு, தான் உற்பத்தி செய்யும் செலவுக்கே அவர்கள் விற்கின்றனர் என்று கண்டது. பின்னர் தன் களஞ்சிய வேலையை, உடைகளையும் வெளிக்களப் பொருட்களையும் அஞ்சலில் விற்கும் எல்.எல். பீன் என்ற நிறுவனத்தோடு ஒப்பிட்டது. தொழில் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை, செயல்முறை ஒன்றாயிருந்தாற் போதும் என்பதே இங்கு நாம் கொள்ளவேண்டியது.

அவ்வாறாயின் நெடுந்தீவை எதனோடு ஒப்பிடலாம்? கொழும்போடு ஒப்பிடுவதாற் பயனில்லை. மேற்கூறிய சீனத் தூதரக அறிவிப்பே ஓர் ஒப்பீட்டை நம் கையில் தருகின்றது: இங்கு நிறுத்தப்பட்ட அதே நிறுவனம் மாலைதீவின் பன்னிரண்டு தீவுகளிற் சூரிய மின்நிலையங்கள் அமைக்க ஒப்பந்தம் செய்ததாக அது குறிப்பிட்டது. ஸ்கொத்லாந்தின் எய்க் தீவு மற்றுமொன்று. நூற்றுக்குச் சற்றுக் குறைந்த மக்கள் வாழ்ந்த அத்தீவில், 2008 இல் நீர், காற்று, வெயில் மூன்றும் சேர்ந்த மின்தொகுதி இயங்கத் தொடங்கியது. அது தீவு மக்களின் சொந்த நிறுவனம். ஒரு வீடு ஒரே வேளையில் 5 கிலோவாற்றுக்கு மேற் பாவிக்கலாகாது என்பது அவர்கள் தாமே வகுத்த விதி. எய்க்கில் அருவிகள் உண்டு, நம் தீவுகளில் இல்லை. ஆகையால் மின்னலகுகளை அப்படியே ஒப்பிடல் தவறு. பழுது நேர்ந்தால் யார் திருத்துவது, விதியை யார் வகுப்பது என்பனவற்றை ஒப்பிடலாம்.

நன்கொடையைப் பற்றியும் ஒரு சொல். கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டும். நன்கொடையைச் செலுத்த வேண்டியதில்லை. விலையை மட்டும் அளப்போனுக்கு நன்கொடையை விஞ்சிய வழங்கல் இல்லை. ஆனால் அதிலே வழங்குநரைத் தெரியும் உரிமை பெருமளவு கொடுப்பவரைச் சாருகின்றது. உதிரிப்பாகங்களும் திருத்துநரும் அவ்வழியே வரவேண்டியவராகின்றனர். இத்தீவுகளுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர்களை இங்கு நினைத்துப் பார்க்கலாம். டெல்வ்ற் நெடுந்தீவு, றொட்டர்டாம் அனலைதீவு, மிடில்பேர்க் புங்குடுதீவு, அம்ஸ்ரடாம் காரைதீவு. இவை யாவும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆறு வணிக மன்றங்கள் இருந்த நகரங்கள். பொருளின் அளவையும் தரத்தையும் அன்று அம்மன்றங்களே நிர்ணயித்தன. சங்கு குளித்தவனும் சாயவேர் கிண்டியவனும் அல்லர்.

இன்றைய ஒப்பந்தத்தின் அளவுகள் வருமாறு: சூரிய மின்சாரம் 1,700 கிலோவாற்று, காற்று மின்சாரம் 530 கிலோவாற்று, மின்கலச் சேமிப்பு 2,400 கிலோவாற்று மணி, மாற்றாக நிற்கும் டீசல் 2,500 கிலோவாற்று. மாற்று டீசலின் கொள்ளளவு காற்றும் வெயிலும் சேர்ந்த 2,230 கிலோவாற்றினும் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். வெயிலும் காற்றும் ஓய்ந்த இரவுக்கு மாற்று வேண்டும் என்பதால் இதனைக் குறையென்று கூறமாட்டோம். ஆயினும் மின்கலங்கள் வலுவிழந்தாலோ காற்றாலையின் ஓர் உறுப்பு மாதக்கணக்கில் வராவிட்டாலோ, பழைய டீசல் முறைக்குத் திரும்பத் தடையேதும் இராது. விளக்குகள் எரிந்துகொண்டேயிருக்கும், எவரும் முறையிடார். எனவே நிறுவப்பட்ட கிலோவாற்றை அளந்து திருப்தியடையலாகாது. பழுது நேர்ந்த நாளுக்கும் திருத்திய நாளுக்கும் இடைப்பட்ட நாட்கள், தீவிலேயே வாழும் பயிற்றப்பட்ட தொழில்நுட்பவியலாளரின் தொகை, மின்கலங்களின் ஆண்டுத் தேய்வு ஆகியவற்றைப் பிரதேச செயலகத்திற் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கலாம். இவற்றுள் ஒன்றையே தெரிய வேண்டுமெனின், குறிகட்டுவானிலிருந்து தீவுக்கு ஏற்றப்படும் மின்நிலைய டீசலின் அளவை நாம் தெரிவோம். அதனை மாதந்தோறும் ஒரு பலகையில் எழுதித் துறைமுகத்திலேயே தொங்கவிட்டால், படகுக்குக் காத்திருப்போர் யாவரும் வாசிப்பர்.