பவர் பேங்க்கை ஏன் பெரிய பெட்டியில் போடக் கூடாது?

ஊருக்குக் கட்டிய பெட்டியை துபாய் ஏர்போர்ட்டில் பிரிக்க வைக்கும் பொருட்களில் ஒன்று பவர் பேங்க். ஏன்?

அதனுள் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. நசுங்கி உள்ளே ஷார்ட் ஆனால் சூடேறும். அந்தச் சூடே வேதிவினையை முடுக்கி மேலும் சூடாக்கும்; தீயும் பிடிக்கும். பெரிய பெட்டி போகும் சரக்கு அறையில் தீயணைக்க உள்ள ஹேலான் வாயு சுவாலையை அடக்கும், பேட்டரியைக் குளிர்விக்காது. பயணிகள் பகுதியில் என்றால் ஊழியர்கள் உடனே தண்ணீர் ஊற்றலாம்.

2010 செப்டம்பர் 3-இல் லித்தியம் பேட்டரிகளோடு துபாயிலிருந்து கிளம்பிய யூபிஎஸ் சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்தது. விமானிகள் இருவரும் இறந்தனர்.

எவ்வளவு கொண்டுபோகலாம்? பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் என்றால், 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுக்க, 74. எமிரேட்ஸில் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான். பறக்கும்போது பயன்படுத்தவும் கூடாது. கைப்பையில் எடுத்துச் சென்று, இருக்கைக்கு அடியிலேயே வையுங்கள்.