ஜிஎஸ்ஸா, ஆப்ரிக்கா ட்வினா?

பெரிய பைக் வாங்க நினைப்பவர்களில் பலர் முதலில் பார்ப்பது குதிரைசக்தியைத்தான். பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ் 145, ஹோண்டா ஆப்ரிக்கா ட்வின் 102. அங்கேயே தீர்ப்பெழுதிவிட்டு, கைக்காசு எட்டாவிட்டால் மட்டும் ஹோண்டா பக்கம் திரும்புகிறார்கள். நம் சாலைகளில் அந்த 102-ஐயே முழுதாகத் திறந்து ஓட்ட எத்தனை கிலோமீட்டர் கிடைக்கும்? நான்குவழிச் சாலையில் சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் இரண்டு வண்டியிலும் ஏறக்குறைய ஒரே சுகம்தான். பத்துக் கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கும்போது, சரளைக் கல்லில் காலை ஊன்றி நிற்கும்போது, இரண்டும் வேறு வேறு சாதி. அதனால் இந்த ஒப்பீட்டை மெதுவான வேகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் எடை. 'பெரிய ஜிஎஸ்' என்றதும் யானை என்றே எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் 2023 செப்டம்பரில் வெளியான ஆர் 1300 ஜிஎஸ், முந்தைய 1250-ஐவிட 12 கிலோ இளைத்து 237 கிலோவில் வந்தது. கியர்பாக்ஸை எஞ்சினுக்குப் பின்னாலிருந்து எஞ்சினுக்கு அடியில் கொண்டுபோய் வைத்ததால் வண்டியும் கச்சிதமாகிவிட்டது. ஆப்ரிக்கா ட்வினின் 2024 மாடல் சாதாரண கியரோடு 231 கிலோ, தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் டிசிடியோடு 242. பெரிய டாங்க் வைத்த 'அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ்' 243-லிருந்து 253 வரை போகிறது. ஆக, டிசிடி வைத்த ஹோண்டா ஜிஎஸ்ஸைவிடக் கனமானது. பெட்டியும் கம்பிக்கூடும் மாட்டியபின் எந்த வண்டியும் இந்த எண்ணில் நிற்காது என்பது வேறு கதை.

எடை எவ்வளவு என்பதோடு, அது எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஜிஎஸ்ஸின் பாக்ஸர் எஞ்சினில் இரண்டு சிலிண்டர்களும் ஆளுக்கொரு பக்கமாகப் படுத்திருக்கின்றன. கனமெல்லாம் தாழ இருப்பதால், நெரிசலில் ஊர்ந்து போகும்போது வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்பது போலிருக்கும். நியூட்ரலில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை முறுக்கினால், வண்டி பக்கவாட்டில் லேசாகச் சிலிர்த்துக்கொள்ளும். எஞ்சினின் சுழல்தண்டு வண்டியின் நீளவாக்கில் ஓடுவதால் வரும் குணம் அது. பழகியவர்களுக்கு அதுவே பிடித்துப்போகிறது.

கீழே போட்டால் என்ன ஆகும் என்பதையும் பேசியாக வேண்டும். மண் சாலையில் போகிற எவரும் ஒருநாள் போடத்தான் போகிறார்கள். ஜிஎஸ் சரிந்தால் முழுதாகப் படுக்காது. சிலிண்டரின் மேல் ஒருக்களித்து நிற்கும். தூக்குவது சற்று எளிது, ஆனால் முதல் அடி சிலிண்டர் மூடிக்குத்தான் விழும். கார்டு போடாமல் ஓட்டக் கூடாது. ஹோண்டா ஒடிசலான வண்டி, பாறை இடுக்கில் புகுந்து போகும். கீழே விழுந்தால் நன்றாகச் சாய்ந்து படுத்துவிடும். தூக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிட வேண்டும். சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, ஒரு கை ஹேண்டில் பிடியிலும் மறு கை பின்பக்கக் கம்பியிலுமாக, இடுப்பால் தூக்காமல் காலால் உந்திப் பின்னோக்கி நடக்க வேண்டும். தூக்கும்போது உருண்டு போகாமலிருக்க கியரில் போட்டுக்கொள்வது வழக்கம். டிசிடி ஹோண்டாவில் எஞ்சின் அணைந்தால் கியர் பிடிக்காது; அதற்கென்று இருக்கும் பார்க்கிங் பிரேக்கை இழுத்துவிட வேண்டும். ஏற்ற இறக்கத்தில் நிறுத்தும்போதும் அப்படித்தான்.

சீட் உயரம் ஜிஎஸ்ஸில் 850 மில்லிமீட்டர். சாதாரண ஆப்ரிக்கா ட்வினில் 850, 870 என்று இரண்டு நிலைகள். ஐந்தரை அடி ஆளுக்கு இரண்டுமே நுனிக்கால் வண்டிதான். பிஎம்டபிள்யூ இதற்கு ஒரு வித்தை வைத்திருக்கிறது: கூடுதல் காசு கொடுத்து அந்த வசதியை வாங்கினால், வேகம் 25-க்குக் கீழே இறங்கும்போது வண்டியே 30 மில்லிமீட்டர் தாழ்ந்துகொள்ளும், 50-ஐத் தாண்டினால் மறுபடி உயரும். சிக்னலுக்கு சிக்னல் காலை ஊன்ற வேண்டிய ஊரில் இந்த மூன்று சென்டிமீட்டருக்கு மதிப்பு அதிகம். நம் ஆட்கள் பலர் இதை விட்டுவிட்டு ரேடார் குரூஸ் கண்ட்ரோலுக்குப் பணம் கொடுக்கிறார்கள். எருமையும் எதிர்த்திசை ஆட்டோவும் வருகிற சாலையில் அந்த ரேடாரை நம்பிக் கையைத் தளர்த்தப் போவது யார்?

அடுத்தது முன்சக்கரம். என்னைக் கேட்டால் முடிவை இங்கேயே எடுத்துவிடலாம். சாதாரண ஆப்ரிக்கா ட்வினுக்கு முன்னால் 21 இஞ்ச், பின்னால் 18. ஜிஎஸ்ஸுக்கு 19, 17. பெரிய சக்கரம் கல்லையும் பள்ளத்தையும் முட்டாமல் ஏறிக் கடந்துவிடும். மணலில் புதைவது குறைவு. ஆனால் தார்ச்சாலை வளைவில் அதைச் சாய்க்கக் கொஞ்சம் தள்ள வேண்டும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை அடுத்தடுத்து ஏறும்போது, 19 இஞ்ச் சட்டென்று மடங்கித் திரும்புவது கைக்குத் தெரியும். ஹோண்டாவே இதை ஒப்புக்கொண்டுவிட்டது போலும்: 2024 அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸுக்கு 19 இஞ்ச் முன்சக்கரம் கொடுத்து, சஸ்பென்ஷனையும் தாழ்த்திவிட்டார்கள். ஆகவே பழைய அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸும் புதியதும் பெயரில்தான் ஒன்று.

முன்பக்க சஸ்பென்ஷனும் இதோடு சேர்ந்தது. ஹோண்டாவில் வழக்கமான ஃபோர்க். 230 மில்லிமீட்டர் வரை அமுங்கும், சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் கைக்குச் சொல்லும். ஜிஎஸ்ஸில் இருப்பது டெலிலீவர் என்ற அமைப்பு. அதிர்வைத் தாங்குவது தனியாக ஒரு ஷாக். பிரேக் விசை வேறு வழியாகச் சட்டத்துக்குப் போகிறது. எனவே வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிரேக் பிடித்தாலும் மூக்கு குத்தாது. பின்னால் ஆளும் பெட்டியும் இருக்கும்போது இது பெரிய நிம்மதி. இதன் விலை, முன்டயர் என்ன செய்கிறது என்பது சற்று மங்கலாகத்தான் தெரியும். மண்ணில் வேகமாக ஓட்டுபவர்கள் ஃபோர்க்கை விரும்புவது இதனால்தான்.

இந்தக் குணங்களுக்கெல்லாம் பூர்விகம் ஒன்று உண்டு. 1980-இல் வந்த ஆர் 80 ஜி/எஸ், சாலை வண்டி எஞ்சினை மண்ணுக்கு இறக்கிய முயற்சி. அடுத்த ஆண்டே அதன் வழியில் வந்த பந்தய வண்டியில் ஹூபர்ட் ஓரியோல் பாரிஸ்-டக்கார் ஜெயித்தார். ஹோண்டாவின் என்எக்ஸ்ஆர் 750 அதே பந்தயத்தை 1986 முதல் 1989 வரை தொடர்ந்து நான்குமுறை வென்றது. அந்தப் புகழில் பிறந்ததுதான் 1988-இன் முதல் ஆப்ரிக்கா ட்வின். ஒன்று சாலையிலிருந்து மண்ணுக்கு வந்தது, மற்றது மண்ணிலிருந்து சாலைக்கு. இன்றைய வண்டிகளிலும் அந்த வாசனை போகவில்லை.

டிசிடி பற்றி நம் ஊரில் அரைகுறைப் பேச்சு அதிகம். ஸ்கூட்டர் போல பெல்ட் ஓடுவதில்லை அதில். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. இரண்டையும் கணினி இயக்குகிறது. கிளட்ச் லீவரே கிடையாது, எஞ்சின் அணைந்து நிற்கும் பயமும் இல்லை. நெரிசலிலும் செங்குத்தான மண் ஏற்றத்திலும் இதன் அருமை தெரியும். இடம் இல்லாத தெருவில் யூ-டர்ன் அடிக்கும்போதுதான் கிளட்சைப் பாதி பிடித்துத் திரும்பிய கை அதைத் தேடும். பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே திரும்பப் பழக வேண்டும். பிஎம்டபிள்யூவும் 2024 முதல் கிளட்ச் லீவர் இல்லாத ஏஎஸ்ஏ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்திருக்கிறது. அது இருக்கிற ஒரே கிளட்சை மோட்டார் வைத்து இயக்குவது, டிசிடி அல்ல.

செயினா, ஷாஃப்டா என்பதுதான் நீண்ட பயணக்காரருக்கு உண்மையான கேள்வி. ஜிஎஸ்ஸில் சக்தி மூடிய தண்டு வழியே பின்சக்கரத்துக்குப் போகிறது. எண்ணெய் விட வேண்டாம், இறுக்க வேண்டாம், சேறு புகாது. நாளுக்கு 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அறை தேடி நேராகப் படுக்கப் போகலாம். ஹோண்டாக்காரர் அந்த நேரத்தில் டார்ச் அடித்துக்கொண்டு செயினைத் துடைத்து லூப் அடிப்பார். மழையில் ஓடியிருந்தால் கட்டாயம். அதற்கு சென்டர் ஸ்டாண்ட் வேண்டும். வண்டியோடு வருகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். ஆனால் செயின் அறுந்தாலோ தேய்ந்தாலோ, பார்சலில் ஒன்று வரவழைத்து எந்த ஊர் மெக்கானிக்கையும் வைத்து மாட்டிவிடலாம். ஷாஃப்டுக்குள் ஏதாவது போனால் வண்டியை லாரியில் ஏற்றுவதைத் தவிர வழியில்லை. அரிதாக வரும் பெரிய தொல்லை வேண்டுமா, அடிக்கடி வரும் சின்ன வேலை வேண்டுமா என்பது அவரவர் மனசைப் பொறுத்தது. நான் சின்ன வேலைக்காரன்.

டயரையும் ஒரு கண் பாருங்கள். ஜிஎஸ்ஸின் கம்பிச் சக்கரத்திலும் டியூப் கிடையாது. பஞ்சரானால் சரம் குத்தி அடைத்துக்கொண்டு கிளம்பலாம். சாதாரண ஆப்ரிக்கா ட்வினில் 2024-க்கு முன்புவரை டியூப் டயர். 21 இஞ்ச் டயரைக் கழற்றி டியூப் மாற்றுவது சாலையோரத்தில் ஒரு மணி நேர வேலை.

பெட்ரோல் செலவில் இரண்டும் ஒன்றுதான், லிட்டருக்கு 20 கிலோமீட்டரை ஒட்டி. வித்தியாசம் டாங்க்கில். ஜிஎஸ்ஸுக்கு 19 லிட்டர், அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸுக்கு 24.8. மணாலியிலிருந்து லே போகும் வழியில் தாண்டி என்ற இடத்து பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று நெடுங்காலம் ஒரு பலகை நின்றது. ஏற்றத்திலும் சுமையிலும் 19 லிட்டரை வைத்து அந்தக் கணக்கு இழுபறியாகத்தான் தீரும். 30 லிட்டர் டாங்க்கோடு ஜிஎஸ் அட்வென்ச்சர் இருக்கிறது, ஆனால் அது 269 கிலோ.

பணத்துக்கு வருவோம். ஆர் 1300 ஜிஎஸ் 2024 ஜூனில் இங்கே வந்தபோது ஷோரூம் விலை 20.95 லட்சம். பெர்லினில் செய்து முழுதாக இறக்குமதியான வண்டி. (ஓசூரில் டிவிஎஸ் செய்துகொடுத்ததெல்லாம் சின்ன ஜிஎஸ்கள்.) ஆப்ரிக்கா ட்வினை 2017-இல் பாகங்களாக இறக்கி மானேசரில் பூட்டி 12.9 லட்சத்துக்கு விற்றார்கள். 2022 அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ் 16.01 லட்சம், டிசிடி என்றால் 17.55. இந்த எண்கள் இன்றைய விலையல்ல, இடைவெளியைக் காட்டத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம்; தமிழ்நாட்டில் ஆயுள்கால வரி 12 சதவீதம். பெட்டி, கார்டு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த கடைசித் தொகையை எழுதி வாங்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

இன்னொரு தப்புக்கணக்கு: 'ஹோண்டா என்றால் எல்லா ஊரிலும் சர்வீஸ் இருக்குமே.' ஆக்டிவா விற்கும் ஷோரூமில் ஆப்ரிக்கா ட்வினுக்கு வேலை நடக்காது. அதற்கு பிக்விங் என்று தனி ஷோரூம், அதிலும் பெரிய வண்டிகள் 'டாப்லைன்' கிளைகளில்தான். உங்கள் வீட்டிலிருந்து அந்தக் கிளை எவ்வளவு தூரம், பிஎம்டபிள்யூ சர்வீஸ் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில ஊர்க்காரர்களுக்கு இந்த ஒன்றே முடிவைச் சொல்லிவிடும்.

என் கட்சியைக் கேட்டால்: மனைவியோ நண்பரோ பின்னால் உட்கார, பெரும்பாலும் தார்ச்சாலையில் மாநிலம் மாநிலமாகச் சுற்றுபவருக்கு ஜிஎஸ். ஜிஎஸ்ஸில் அனுமதித்த மொத்த எடை 465 கிலோ, அதாவது வண்டியைக் கழித்தால் ஆளும் சுமையுமாக 228 கிலோ ஏற்றலாம். தனியாகப் போய், சாலை முடியும் இடத்தில்தான் பயணம் தொடங்குகிறது என்று நினைப்பவருக்கு 21 இஞ்ச் ஆப்ரிக்கா ட்வின், சாதாரண கியரோடு. 19 இஞ்ச் அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸை வாங்குவதானால், ஜிஎஸ்ஸின் வேலையைக் குறைந்த காசில் செய்கிற வண்டி என்று தெரிந்தே வாங்குங்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் நெடுஞ்சாலைக்கு விரட்ட வேண்டாம். நீங்கள் வழக்கமாகப் போடும் பூட்ஸோடு போங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள், முடிந்தால் லேசான ஏற்றத்தில். இரண்டு பக்கமும் முழுதாக ஹேண்டிலை ஒடித்து எட்டுப் போடுங்கள். பத்து நிமிடம் நின்றபடியே ஓட்டி, முழங்காலுக்கும் டாங்க்குக்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிப்போய், ஏறி இறங்கச் சொல்லுங்கள், பக்கப் பெட்டிகள் மாட்டிய வண்டியில்.