மணி பிளாண்ட்

பெங்களூரின் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் தோட்டம் அமைக்க நிலம் இல்லை. ஆயினும், சன்னல் ஓரத்துக் கண்ணாடிப் புட்டியிலோ பால்கனித் தொட்டியிலோ ஒரு பசுங்கொடி தொங்குவதைக் காணலாம். இதய வடிவ இலைகளில் மஞ்சள் திட்டுகள் கொண்ட அக்கொடியே மணி பிளாண்ட். இப்பெயரிலுள்ள ‘மணி’ தமிழ்ச்சொல் அன்று. பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்.

இக்கொடியின் தாயகம் பசிபிக் பெருங்கடலில் உள்ள மூரியா தீவு ஆகும். இது சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. சேப்பங்கிழங்கு நன்கு வேகாவிட்டால் நாக்கு அரிக்கும் அல்லவா? கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி போன்ற நுண்படிகங்களே அதற்குக் காரணம். அவை இக்கொடியிலும் உள்ளன. ஆகவே, தவழும் குழந்தைக்கும் நாய், பூனைகளுக்கும் எட்டாத உயரத்தில் இதனை வைத்தல் வேண்டும்.

கணுவே உயிர்

பிறர் வீட்டிலிருந்து திருடி நட்டால்தான் மணி பிளாண்ட் செழிக்கும் என்று சிலர் நம்புவர். உண்மையில் அது செழிப்பதற்குக் காரணம் கணுவே. தண்டில் இலை தோன்றும் இடம் கணு எனப்படும். வேரும் புதுத் தளிரும் அங்கிருந்தே கிளைக்கும். இலையை மட்டும் கிள்ளி நீரில் இட்டால், அது பல நாள் வாடாமல் இருக்கும், ஆனால் கொடியாகாது. கணு இருந்தால், கேட்டுப் பெற்ற தண்டும் நன்றாகவே வளரும்!

ஒளியும் நீரும்

கடும் வெயில் பட்டால் இலைகள் கருகும். ஒளி மிகக் குறைந்தால் மஞ்சள் திட்டுகள் மங்கி, இலை முழுதும் பச்சையாகும். குறைந்த ஒளியில் உணவு தயாரிக்கக் கூடுதல் பச்சையம் தேவைப்படுவதே இதற்குக் காரணம். எனவே, வெளிச்சம் வரும் சன்னலின் அருகே, நேர் வெயில் படாதவாறு வைத்தல் நலம்.

வீட்டில் வளரும் இக்கொடி வாடுவதற்குப் பெரும்பாலும் மிகுதியான நீரே காரணம். மண் எப்போதும் ஈரமாக இருந்தால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது, வேர் அழுகும், இலைகள் மஞ்சளாகி உதிரும். விரலை மண்ணில் ஓர் அங்குல ஆழம் நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்ற வேண்டும். தொட்டியின் அடியில் துளை இருத்தல் கட்டாயம்.

புட்டியில் வளர்ப்போர் மற்றொன்றையும் மறக்கலாகாது. தேங்கிய தூய நீரிலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே, வாரம் ஒரு முறையேனும் நீரை மாற்றி, புட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பெங்களூருக்குக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருகிறது. ஆதலின், பழைய நீரைச் சாக்கடையில் கொட்டாமல் மற்றத் தொட்டிச் செடிகளின் மண்ணில் ஊற்றலாம்.

ஏறும் கொடி

தொங்கும் மணி பிளாண்டின் இலை உள்ளங்கை அளவே இருக்கும். அதே கொடி மரத்தைப் பற்றி ஏறினால், இலைகள் முறம் போலப் பெரிதாகும். தொட்டியில் தென்னை நார் சுற்றிய கோலை நட்டு, கொடியை அதில் ஏற்றினால் வீட்டிலும் இலைகள் சற்றுப் பெருக்கும்.

கொடி மிக நீண்டால் கத்தரிக்கலாம். வெட்டிய தண்டுகளைக் காட்டிலோ ஏரிக்கரையிலோ எறிதல் கூடாது. இலங்கையின் காடுகளில் இக்கொடி பரவி, அங்குள்ள செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வெட்டிய தண்டை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம். கணுவோடு கொடுக்க வேண்டும்.